போர்ட்டோவில் அப்பா அம்மாவை எங்கே சாப்பிடக் கூட்டிப் போகலாம்?

தங்கச்சிமடம்_தம்பி:
வணக்கம். நான் போர்ச்சுகலில் பிராகா ஊரில் படிக்கிறேன். அப்பாவுக்கு விசைப்படகுத் தொழில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போதுதான் ஊரை விட்டுக் கிளம்ப முடியும், அதனால் ஜூன் முதல் வாரம் அம்மாவோடு வருகிறார். போர்ட்டோவில் 3 நாள் இருப்போம். அம்மா மாடு, பன்றி தொடமாட்டார், சோறு வேண்டும். அப்பா ஒரு மீனைப் பார்த்த பார்வையிலேயே எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அவரைப் போய் ஏதோ ஒரு கடையில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆற்றங்கரை ரிபெய்ராவில் வரிசையாக இருக்கிறதே, அந்தக் கடைகள் சரிப்படுமா?

பாம்பன்_சுப்பு:
தம்பி, ரிபெய்ராவில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு காபி குடியுங்கள், போதும். மீனுக்கு மத்தோசின்யோஷ் போங்கள். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர், போர்ட்டோ நடுவில் திரிந்தாதே நிலையத்தில் நீல வழி மெட்ரோ ஏறி மெர்காடோ நிறுத்தத்தில் இறங்கினால் எரோய்ஷ் தெ ஃபிரான்சா தெரு பக்கம்தான், கடை வாசல்களில் கரி அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். ஐஸ் மேல் பரப்பி வைத்திருக்கும் மீனை அப்பாவே பார்த்துக் கை காட்டட்டும். பெரிய மீன் கிலோ கணக்கு, அடுப்பில் போடும் முன்பே எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். ஒரு கடையில் நான் கேட்காமல் விட்டு, இரண்டு பேருக்கு நாலு பேர் சாப்பிடுகிற மீன் வந்தது, பில்லும் அதற்கேற்ப வந்தது.

முதலில் சாளை சொல்லுங்கள், அங்கே சர்தின்யா. குடல் எடுக்காமல், செதில் உரசாமல், கல்லுப்பு மட்டும் தூவி முழுசாகச் சுடுவார்கள். அம்மா முகம் சுளிக்கலாம், ஆனால் சுட்டபின் தோலை விரலால் தள்ளினால் செதிலோடு மொத்தமாகக் கழன்று வந்துவிடும், முதுகுச் சதையை எடுத்துக்கொண்டு குடலை ஒதுக்கிவிடலாம். ரொட்டித் துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுங்கள். நாலைந்து மீனின் எண்ணெய் இறங்கி ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியில் தின்ன வேண்டும், அவ்வளவு ருசி. ஜூன் தொடக்கத்தில் சாளைக்கு முழுக் கொழுப்பு ஏறியிருக்காது, ஜூலை ஆகஸ்டில்தான் ஏறும். ஆனாலும் விடாதீர்கள்.

கீழக்கரை_வாசி:
பன்றி விஷயத்தில் கவனம். கால்தோ வெர்தே என்று உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப், பெயரைப் பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும், மேலே ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். "செய்ங் ஷொரிசு" என்று முதலிலேயே சொல்லுங்கள், செய்ங் என்றால் இல்லாமல். போர்ட்டோவில் எல்லாரும் சொல்லும் பிரான்செசின்யா அம்மாவுக்கு ஆகவே ஆகாது, ரொட்டிக்குள் பன்றியும் மாடும் வைத்து மேலே சீஸ் உருக்கி பீர் கலந்த குழம்பு ஊற்றுவது. அப்புறம், உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டால் காசு, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தங்கச்சிமடம்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. பக்கல்யாவ் என்று உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன் இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்லுங்களேன். போனில் அப்பாவிடம் சொன்னேன், "கருவாடு தின்னவா அவ்வளவு தூரம் வரணும்" என்கிறார்.

மண்டபம்_அக்கா:
அப்பாவை முதலில் பொல்யாவ் சந்தைக்குக் கூட்டிப் போங்கள் தம்பி, புதுப்பித்து 2022இல் திறந்தது. பக்கல்யாவ் பாளம் பாளமாக இருக்கும், அகலமும் கனமும் பார்த்தால் நம் கருவாடு எதுவும் அப்படி இல்லை என்று அவரே சொல்வார். இத்தனைக்கும் அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை, நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருவது. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கியபின் சமைப்பதால் வாயில் கருவாடாகத் தெரியாது, சதை இதழ் இதழாகப் பிரியும். போர்ட்டோவின் சொந்தப் பக்குவம் கோமிஷ் தெ சா, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆலிவ் போட்டது, அதையே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அரோஷ் தெ மரிஷ்கு. இறால், நண்டு, மட்டி போட்டுக் குழைவாக, குழம்போடு பானையிலேயே வரும் சோறு, மேலே கொத்தமல்லித்தழை. பெரும்பாலும் இரண்டு பேருக்கான அளவு. காரம் இருக்காது, பிரி பிரி கேட்டால் மிளகாய் எண்ணெய் தருவார்கள். இன்னொன்று, பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, நாம் ஏற்றுமதிக் கம்பெனிக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டில் சமைப்பதில்லை. அங்கே அதை மாவில் தோய்த்துப் பொரித்து, அது வெந்த சாற்றிலேயே வேகவைத்த சோற்றோடு தருகிறார்கள். பொல்வு என்று கேளுங்கள். இத்தனை வருஷம் அதைப் பிடித்தவர், அப்பா கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம்_தம்பி:
சரி அக்கா. மத்தியானம் மத்தோசின்யோஷ், அடுத்த நாள் பொல்வு. அப்பா எந்த மீனைக் கை காட்டினார் என்று வந்து எழுதுகிறேன்.