புளியந்தோப்பு 1921: ஆலை வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறியது எப்படி?

கேள்வி (ஓட்டேரி வாசகர்):
பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் இங்கே பிறந்தது என்ற பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அச்சங்கம் உருவான அதே பின்னி ஆலைகளில் வேலை செய்தவர்களின் குடிசைகள் தீக்கிரையானதை அவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் அதை வெள்ளைக்காரக் கம்பெனியின் சூழ்ச்சி என்கிறார்கள். மற்றொரு சாரார் ஆதி திராவிடர்களைக் கருங்காலிகள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு விளக்கங்களும் எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (பட்டாளத்தார்):
குடியிருப்பிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் நிறுவப்பட்டன. செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஆலைக்குள் ஒரே சங்கொலிக்கு வேலை தொடங்கினாலும், மாலையில் திரும்பியது தனித்தனித் தெருக்களுக்கும் சேரிகளுக்கும்தான். கிராமத்தின் எல்லைக்கோடு நகரத்துக்கு வந்த பின்னும் அழியவில்லை.

சங்கம் உருவான விதத்தையும் பாருங்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்த வைணவ பஜனை சபையைச் சுற்றித்தான் முதலில் தொழிலாளர்கள் கூடினார்கள். மதிய உணவுக்கு விடப்பட்ட குறுகிய இடைவேளை, மேஸ்திரிகளின் கெடுபிடி ஆகியவை எல்லோருக்கும் பொதுவான குறைகள் என்பதால், பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமையேற்றபோது எல்லாச் சாதியாரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஆயினும் ஆலைக்கு வெளியே ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத நிலை அப்படியே இருந்தது. இந்த ஒற்றுமை வேலைநேரத்தோடு முடிந்துவிடும் ஒற்றுமை என்பது என் கருத்து.

பதில் 2 (ஆவணப் பித்தர்):
மேலே சொன்னதோடு காலவரிசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1920 அக்டோபரில் தொடங்கி 1921 ஜனவரி வரை நீண்ட தகராறில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூலியிழந்து நின்றார்கள். அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. கம்பெனி வாடியாமீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத் தடையையும் பெற்றது. (1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கான கோரிக்கையை வலுவாக்கியவற்றில் இவ்வழக்கும் ஒன்று.) கூலியில்லாத அந்த மாதங்களில் பட்ட கடன் தீருமுன்பே 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் மறுபடி வேலை நின்றது, ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்களும் வெளியேறினார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதி திராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். நிலமோ, கடன் கொடுக்கும் உறவினரோ இல்லாதவருக்கு இரண்டாவது பட்டினி முதலாவதைப் போன்றதன்று. எம். சி. ராஜா போன்ற ஆதி திராவிடர் தலைவர்களும் தம் மக்கள் வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்ற நிலைப்பாட்டையே எடுத்தார்கள். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதி திராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

பதில் 3 (வியாசை வடக்கு):
மேலே பதிலளித்த நண்பர்கள் கம்பெனியை எளிதாக விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பிளவு முன்பே இருந்தது என்பது உண்மை. ஆனால் அதனால் ஆதாயம் அடைந்தவர்கள் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வேலைக்குத் திரும்பியவர்களைக் கொண்டு நிர்வாகம் ஆலையை ஓட்டியது. அரசின் தொழிலாளர் துறை வீடிழந்த ஆதி திராவிடர்களுக்கு உதவியது. அது தேவையான உதவிதான், எனினும் வேலைநிறுத்தக்காரர்கள் அதையே அரசின் பக்கச்சார்புக்குச் சான்றாகக் காட்டினார்கள்.

அப்போது மாகாணத்தை ஆண்ட நீதிக் கட்சிதான் இதில் மிக மோசமாகத் தடுமாறியது. அதன் தலைவர் தியாகராய செட்டியார், ஆதி திராவிடர்களை நகரத்தை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று கூறினார். பிராமணரல்லாதார் அனைவருக்கும் பேசுவதாகச் சொன்ன கட்சி, குடிசை எரிந்தவர்களையே குற்றவாளிகளாக்கியது. எம். சி. ராஜா சில ஆண்டுகளில் அக்கட்சியிலிருந்து விலகியதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

பதில் 4 (ஓட்டேரி வாசகர்):
மூவருக்கும் நன்றி. 1996இல் ஆலை மூடப்பட்ட பிறகு அப்பகுதியைப் பற்றி வரும் நினைவுக் குறிப்புகளில் காக்கித் துணியும் ஆலைச் சங்கும் நிறையவே வருகின்றன. எந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. பட்டாளத்தார் சொன்ன அந்தக் குடியிருப்பு வரைபடத்தைத் தெருவாரியாக யாராவது தொகுத்திருந்தால் இங்கே பகிருங்கள்.