எம்.எஸ்ஸி. வேதியியலுக்குப் பிறகு சட்டம்: படித்ததெல்லாம் வீணாகிவிடுமா?

தேவகோட்டைப் பெண்:
அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருக்கிறேன். பிஎச்.டி.க்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி ஒரு நாள் பயிலரங்குக்குப் போனேன். அன்றிலிருந்து சட்டம் படிக்க வேண்டும், பிற்பாடு அதையே கற்பிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மனசில்லை. "அஞ்சு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சிட்டு மறுபடி முதல்லேருந்தா?" என்கிறார். அவர் கேட்பதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. இப்படி மாறிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அறிவியல் அங்கே நிஜமாகவே உதவுகிறதா?

கானாடுகாத்தான்:
நான் அப்படிப் போனவன்தான்மா. எம்.எஸ்ஸி. வேதியியல், ஆறு வருஷம் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகம், பிறகு எல்.எல்.பி., எல்.எல்.எம்., நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம். இப்போது ஒரு சட்டக் கல்லூரியில் காப்புரிமைச் சட்டம் நடத்துகிறேன். எல்.எல்.பி. முதல் வருஷ பெஞ்சில் உட்கார்ந்தபோது வயது 31.

என் வகுப்பு ஒன்றைச் சொல்கிறேன். நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013 ஏப்ரல் 1. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். மருந்து அதேதான் என்றால் வடிவம் எப்படி வேறாகும்? பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரு வருஷம் ஊரிலிருந்து நாலு ஆத்தங்குடிக் கல்லைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஒரு மூலையில் கால் பூ போட்ட ரகம். பூ மூலைகள் நடுவில் சேர்ந்தால் முழுப் பூ. ஒவ்வொரு கல்லையும் அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் நடுவில் பூவே இல்லை, கோலம் வேறு. கல் அதே கல், அடுக்குதான் வேறு. படிகத்திலும் அடுக்கு மாறினால் ஈரம் இழுப்பது, தூளாக ஓடுவது எல்லாம் மாறும்.

இது விளங்கிய பிறகுதான் சட்டக் கேள்விக்கே வர முடிந்தது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குச் செயல்திறன் கூடினால்தான் காப்புரிமை என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அது கேட்கும் "செயல்திறன்" எது? ஈரம் குறைவாக இழுப்பதும் நன்றாக ஓடுவதும் நோய் தீர்க்கும் திறன் ஆகாது என்றது நீதிமன்றம். எலிகளின் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றார்கள். அதனால் சிகிச்சைப் பலன் கூடியது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டுத் தள்ளியது. இந்த இடத்தை வேதியியல் தெரிந்தவர் நடத்துவதற்கும் மனப்பாடம் செய்தவர் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகள் முகத்தில் தெரியும்.

நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரோஷெல் டிரைஃபஸ் முதலில் ஆராய்ச்சி வேதியியலாளர். அவர் வகித்த பேராசிரியர் பதவிக்கு பாலின் நியூமன் பெயர் வைத்திருக்கிறார்கள். நியூமன் 1952-ல் யேலில் வேதியியல் முனைவர், 1958-ல் சட்டப் பட்டம், 1984-ல் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் நீதிபதி.

அப்பச்சியிடம் இதையும் சொல். எங்கள் ஐயா பேரேட்டில் தப்பு வந்தால் அழிக்க விடமாட்டார். ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான தொகை, சுருக்கொப்பம். ஆய்வகக் குறிப்பேட்டிலும் அதே விதி. அந்தக் குறிப்பேடு வழக்குக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அழித்த இடத்தைத்தான்.

மதுரைக் கிளை வக்கீல்:
சார் சொன்னது அத்தனையும் சரி. காசு விஷயத்தையும் பேசிவிடுவோம். கற்பிக்கும் வேலைக்கு எல்.எல்.எம்., நெட் என்று வருஷங்கள் ஓடும். நடுவில் கையில் ஏதாவது வேண்டுமென்றால் காப்புரிமை முகவர் தேர்வு எழுதுங்கள்; பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர்தான் முகவர். அதற்குச் சட்டப் பட்டமே வேண்டாம். அறிவியல் பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை போதும். இரண்டு தாள், ஒரு நேர்முகம். ஒவ்வொரு தாளிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம். இரண்டாம் தாளில் காப்புரிமை விண்ணப்பத்தின் வரைவு எழுத வேண்டும், அதற்குக் கை பழகியிருக்கணும்.

எல்.எல்.பி.க்குப் பொதுப் பிரிவில் பட்டத்தில் 45 சதவீதம். அஞ்சல் வழியில் எல்.எல்.பி. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பார் கவுன்சில் ஏற்காது. காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம்.

சிக்ரி ஓய்வு:
மஞ்சள் புண் ஆற்றும் என்று 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நான் வேலை பார்த்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் தாய் அமைப்பு, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்.தான் எதிர்த்தது; 1997-ல் ரத்தானது. வேறு நாட்டில் ஜனங்கள் கைப்பழக்கமாகச் செய்வது அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்குப் போதாது, அச்சில் வந்த சான்று வேண்டும். அப்பத்தா அரைத்துப் பூசியது எந்த நூலில், எந்த ஆய்விதழில் இருக்கிறது என்று தேடி எடுத்து, அதை எதிராளியின் கோரிக்கையோடு, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று விண்ணப்பத்தில் எழுதியதோடு, வரிக்கு வரி பொருத்த வேண்டியிருந்தது. இரண்டும் தெரிந்த ஆள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும் தாயி. போய்ப் படி.

தேவகோட்டைப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. அப்பச்சிக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். பேரேடு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இவுக எந்தக் கோயிலாம்?" என்று கேட்டார்; எங்கள் நகரத்தாரில் பிரிவைக் கோயில் பெயரால்தான் சொல்வோம். அப்புறம் மார்க் எவ்வளவு வேண்டும் என்றார். எனக்கு 71 சதவீதம் இருக்கிறது. அந்த இரண்டாம் தாளுக்கு எதை வைத்துப் பழகுவது சார்?

கானாடுகாத்தான்:
காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் மின்வேதியியல் விண்ணப்பம் ஒன்றை எடு, உனக்குப் பழக்கமான இடம். விண்ணப்பம், அதைப் பரிசோதித்து அலுவலகம் கொடுத்த அறிக்கை, அதற்கு விண்ணப்பித்தவர்கள் எழுதிய பதில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். கடைசியில் இருக்கும் கோரிக்கைகளை மட்டும் மூடிவைத்துவிட்டு மற்றதை வாசி. முதல் கோரிக்கையை நீயே எழுது. பிறகு அவர்களுடையதைத் திறந்து, எந்தச் சொல்லை நீ விட்டாய், எதைத் தேவையில்லாமல் சேர்த்தாய் என்று பார். வாரத்துக்கு ஒன்று போதும்.

இளையாத்தங்குடிக் கோயில் என்று அப்பச்சியிடம் சொல்.