சமூக ஊடகத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வேண்டுமா?

அடையாறு வாசகர்:
பிளஸ் டூ முடித்த என் மகள், சமூக ஊடகத்தையே முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பில் சேர விரும்புகிறாள்; அவளுடைய தோழியர் பலரும் அதையே நாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய ஆர்குட் என்ற சமூக ஊடகத் தளம் 2014இல் மூடப்பட்டது. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. படித்து முடிப்பதற்குள் தளமே இல்லாமல் போகக்கூடிய துறைக்கு மூன்றாண்டுகளைச் செலவிடுவது எப்படிச் சரியாகும்?

வேளச்சேரி ஆசிரியை:
ஐயா, தளங்கள் மறையலாம். அவை எழுப்பிய கேள்விகள் மறைவதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் சிக்கியவர்களின் முகவரிகள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறிக்கொண்டே இருந்தன. மீட்கப்பட்டவர்களுக்காகக்கூட அதே வேண்டுகோள்கள் தொடர்ந்து சுற்றியதால், இன்னும் உதவி தேவைப்படுவோர் யார் என்று பிரித்தறியத் தன்னார்வலர்கள் திணறினார்கள். மின்சாரம் இல்லாமல் கைபேசி அணைந்துபோனவர்களின் குரலோ அந்தப் பட்டியல்களில் ஏறவே இல்லை. ஒரு செய்தி ஏன் பரவுகிறது, அதை யார் சரிபார்ப்பது, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பவற்றை முறையாக ஆராயச் சமூகவியலும் புள்ளியியலும் சட்டமும் ஒருங்கே வேண்டும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் முகநூல் பதிவுக்காக மக்கள் கைதானதையும், அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கியதையும் அறியாமல் இத்துறையில் பணியாற்றுவது ஆபத்தானது.

அடையாறு வாசகர்:
அம்மா, நீங்கள் விவரிக்கும் படிப்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாணவர்களை ஈர்ப்பது அதுவன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007இல் நடந்த, ஃபேஸ்புக்குக்கான செயலிகளை உருவாக்கும் வகுப்பு புகழ்பெற்றதற்குக் காரணம், மாணவர்கள் உருவாக்கிய செயலிகள் சில வாரங்களிலேயே பல லட்சம் பேரைச் சென்றடைந்ததுதான். அத்தகைய செயலிகளைப் பயன்படுத்தும் பழக்கம் மனிதர்களுக்கு என்ன செய்யும் என்ற கேள்வியன்று. இங்கும் ஃபாலோயர்களைப் பெருக்கும் வித்தைக்காகவே பிள்ளைகள் வருகிறார்கள். அதற்கு ஒரு குறுகிய காலப் பயிற்சியே போதும். சமூகவியல் படிப்பில் இதை ஒரு தாளாக வைக்கலாம்.

ஆய்வு மாணவர்:
ஒரு தாளில் அடங்காது என்பதே என் கருத்து. ட்விட்டர் 2023இல் தரவுகளை இலவசமாகத் தருவதை நிறுத்தியது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்காணிக்க உதவிய கிரௌட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. தரவு கிடைக்காத நிலையில் ஆய்வு செய்யும் முறைகளைக் கற்கவே ஒரு பருவம் தேவைப்படுகிறது.

வேளச்சேரி ஆசிரியை:
ஐயா, விருப்பத்தோடு வருபவளைத் திருப்பியனுப்ப வேண்டாம். கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புள்ளியியலும் ஊடகச் சட்டமும் கட்டாயத் தாள்களாக இருந்தால் சேருங்கள்; விளம்பர உத்திகள் மட்டுமே நிறைந்திருந்தால், உங்கள் தயக்கத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன்.