2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பு வரிசைகள்: உங்களால் மறக்க முடியாதது எது?

வெள்ளவத்தை அக்கா:
காஸ் வரிசைதான். சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு வெயிலில் காவல் இருந்தோமே, அந்த மே மாதம். லொறி வந்தது. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து 2,700 ரூபாயை நீட்டினார். ஏப்ரல் கடைசியிலேயே விலை 2,675 இலிருந்து 4,860 ஆகிவிட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். அப்புறம் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டே போய்விட்டார். அந்த உருளும் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை ஓட்டோ:
ஜூன் 27இல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெட்ரோல், டீசல் என்று அறிவித்த பிறகும் நாங்கள் வரிசையை விடவில்லை. விட்டால் இடம் போய்விடும். விடியப்புறம் வரிசை கொஞ்சம் நகர்ந்தது. முன் ஓட்டோக்கார அண்ணை பின் சீட்டில் படுத்திருந்தார். பாவம், தூங்கட்டும் என்று அவரோடு சேர்த்தே வண்டியைத் தள்ளிவிட்டோம். தேத்தண்ணி கொடுக்க எழுப்பினால் கை சில்லென்று கிடந்தது. வரிசையில் செத்தவர்கள் என்று பேப்பரில் வந்தது உங்களுக்குச் செய்தி, எனக்கு அந்தக் கை. ஜூலையில் கியூஆர் அட்டையைக் காட்டி அளவாக எண்ணெய் அடிக்கும் முறை வந்தது, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதை முதலே செய்திருந்தால் அந்த மனுசன் வீட்டில் படுத்திருப்பார்.

தெஹிவளை தம்பி:
அக்கா, நின்றவர்கள் ஆளுக்கு நூறு போட்டிருந்தால் அந்த அம்மாவுக்குச் சிலிண்டர் கிடைத்திருக்கும். எங்கள் ஒழுங்கையில் மண்ணெண்ணெய்க்கு அப்படித்தான் சேர்த்தோம். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றது சரியில்லை.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, பால்மாவுக்கு வைத்த காசை காஸுக்குக் கொண்டுவந்தவர்கள்தான் அங்கே நின்றோம். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்றவர் காசை நீட்டிவிட்டார். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது?

யாழ்ப்பாணத்து ஐயா:
90களில் போர்க்காலத்தில், அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் இருந்தவன் நான். பெட்ரோலை ஒரு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். ஒருநாள் மகள் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, பாடத்தை இருட்டில் சொல்லிப் பார்த்தாள், எண்ணெய் மிஞ்சட்டும் என்று. அவளுக்கு அப்போது ஏழு வயது.

பிள்ளைகள், காஸை மட்டும் நம்பியிருக்காதீர்கள். வீட்டில் ஒரு மரத்தூள் அடுப்பு வையுங்கள். பழைய தகரப் பெயின்ட் வாளியின் பக்கவாட்டில், அடியோடு ஒட்டி ஒரு ஓட்டை போடுங்கள். நடுவில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, அந்த ஓட்டை வழியாக ஒரு தடியைப் போத்தலின் அடிவரை செருகுங்கள். சுற்றிவர மரத்தூளைப் போட்டு நன்றாக இடியுங்கள். தூள் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் புகைதான் வரும். இடித்து முடிந்ததும் போத்தலையும் தடியையும் மெல்லத் திருகி எடுங்கள். கீழ் ஓட்டையால் தீ மூட்டினால் சோறு, கறி இரண்டும் ஆகும். தூளை மரம் அரியும் இடத்தில் கேளுங்கள். பூட்டிய ஃபிளாட்டுக்குள் மட்டும் மூட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள்.