கல்சுரல்ஸ் ஸ்கிட்: 'அனிமல் ஹவுஸ்' டோகா பார்ட்டியை மேடை ஏத்துறது எப்படி?

வியாசை_பாய்ஸ்:
அடுத்த மாசம் எங்க காலேஜ் கல்சுரல்ஸ். 1978-ல வந்த 'அனிமல் ஹவுஸ்'ங்கிற அமெரிக்கக் காலேஜ் காமெடிப் படத்தைத் தழுவி 12 நிமிஷ ஸ்கிட், 9 பேர். டோகா பார்ட்டி (பழைய ரோமானியர் மாதிரி உடம்புல துணியைச் சுத்திக்கிட்டு ஆடுறது), கேன்டீன் சண்டை, படிக்கட்டுல கிடாரை உடைக்கிறது, கடைசி ஊர்வலம், நாலும் வேணும். பெட்ஷீட்ட சுத்திப் பார்த்தா டான்ஸ் ஆடுறப்போ அவுந்துடுது. வேட்டியில கட்டலாமா? சாப்பாடு வீசினா மேடை வழுக்குமே, அதுக்கு என்ன வழி? பட்ஜெட் ரொம்பக் கம்மி.

எம்சி_ரோடு_சரக்கு:
தாராளமா கட்டலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில பார்டர் இல்லாத 8 முழம் காட்டன் வேட்டி கேளுங்க. ஜரிகை இருந்தா கல்யாண மாப்பிள்ளை ஆயிடுவீங்க. பாலியஸ்டர் கலந்தது வேண்டவே வேண்டாம், தோள்ல நிக்காது. புதுசுல கஞ்சி விறைப்பா இருக்கும், ஒரு தடவை அலசிடுங்க.

கட்டுறது கிட்டத்தட்ட சேலைக் கணக்குதான். உள்ளே ஷார்ட்ஸ், கையில்லாத பனியன், இடுப்புல எலாஸ்டிக் பெல்ட். இடது இடுப்புல ஆரம்பிச்சு ஒரு சுத்து சுத்தி பெல்ட்டுக்குள்ள சொருகுங்க. முன்னாடி ரெண்டே ரெண்டு கொசுவம் விடுங்க, இல்லேன்னா கால் அகட்ட முடியாது, படி ஏறும்போது தடுக்கும். மிச்சத் துணியை முதுகுப் பக்கமா கொண்டுபோய், வலது அக்குளுக்குக் கீழே எடுத்து, மார்புக்குக் குறுக்கே இடது தோள் மேல போட்டு பின்னாடி தொங்க விடுங்க. சுமார் 3.6 மீட்டர் துணி இதுக்குத் தாராளம்.

ஆளுக்கு 4 ஊக்கு: தோள்ல ரெண்டு, வலது விலாவுல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. அவுந்து விழறதுக்குக் காரணமே துணியோட துணியை மட்டும் குத்துறதுதான். ஊக்கு பனியனையும் சேர்த்துப் பிடிக்கணும். பின்னால இருந்து லைட் அடிச்சா வெள்ளைத் துணி கண்ணாடி மாதிரி ஆயிடும், லைட்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

பழைய_ரீல்:
துணியை விட முக்கியமான ஒண்ணு. அந்தப் படத்துல யாரும் சிரிக்க வைக்கணும்னு நடிக்கல. இயக்குநர் ஜான் லாண்டிஸ் இசைக்குப் பிடிச்ச ஆள் எல்மர் பெர்ன்ஸ்டீன், 1956-ல 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்'க்கு இசை போட்டவர். காமெடி மியூசிக் வேண்டாம், சீரியஸ் படம் மாதிரியே போடுங்கன்னு கேட்டு வாங்கினார். டீனா வர்ற ஜான் வெர்னான் முழு வில்லனாவே நிக்கிறார். கலாட்டா ஸ்டூடண்டா வர்ற ஜான் பெலுஷிக்கு வசனமே கொஞ்சம்தான், வேலையெல்லாம் புருவம் பார்த்துக்கும். உங்க டீன் ஒரு தடவை மேடையில சிரிச்சாலும் ஸ்கிட் படுத்துடும். 'டொய்ங்' சவுண்ட் எஃபெக்டை எல்லாம் தூக்கி எறியுங்க.

கிடார் சீன்லயும் இதேதான். பாட்டு மென்மையா ஓடணும். பெலுஷி நின்னு கேட்கிறார், பிடுங்கிச் சுவத்துல அடிக்கிறார், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து 'சாரி'ங்கிறார். அந்த 'சாரி'க்கு முன்னாடி ரெண்டு செகண்ட் மௌனம் விடுங்க. கிடார் தெர்மகோல்ல செஞ்சு, முன்னாடியே ரெண்டா அறுத்து செல்லோ டேப் ஒட்டிக்கோங்க. உடையிற சத்தத்துக்கு திரைக்குப் பின்னாடி ஒருத்தர் ஆப்பிள் பெட்டியை மிதிக்கட்டும்.

ஏணி போட்டு பெண்கள் ஹாஸ்டலை எட்டிப் பார்க்கிற சீனை எடுக்காதீங்க, இன்னிக்கு அதுல சிரிக்க ஒண்ணுமில்ல. புது ஆளுங்களைக் குனிய வச்சுக் கட்டையால அடிக்கிறதும் வேண்டாம். தமிழ்நாட்டுல 1997-லயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு, எந்தப் பிரின்சிபாலும் ஒத்துக்க மாட்டார்.

கேன்டீன்_கேஸ்:
சாம்பார், குழம்பு கிட்டவே போகாதீங்க. எண்ணெய் வழுக்கும், மஞ்சள் கறை வேட்டியில போகாது. பறக்கிறதெல்லாம் காஞ்ச ஐட்டமா இருக்கட்டும்: பொரி, ஸ்பாஞ்ச்ல வெட்டின இட்லி, வடை. ஈரம் ஒரே ஒரு இடத்துல போதும், பெலுஷி வாயில அடைச்சு கன்னத்தைக் குத்தி வெடிக்கிற அந்த உருளைக்கிழங்கு. ரெண்டு கிழங்கை வேக வச்சு பால் விட்டுக் கட்டியில்லாம மசிங்க. கன்னத்துல மட்டும் ஒதுக்கணும், அந்த நேரம் மூக்கால மூச்சு விடணும், யாரும் அவரைச் சிரிக்க வைக்கக் கூடாது. தொண்டைக்குள்ள போச்சுன்னா வம்பு.

பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீங்க, நனைஞ்சா தரையை விட மோசம். பழைய ஜமுக்காளத்தை விரிச்சு நாலு ஓரமும் டேப் அடிங்க. சீன் முடிஞ்சதும் அப்படியே சுருட்டி உள்ளே இழுத்துடலாம்.

வியாசை_பாய்ஸ்:
சூப்பர்ணா. ஊர்வலத்துல வர்ற அந்தக் கறுப்பு வண்டி?

பழைய_ரீல்:
படத்துல அது நொறுங்கிப்போன லிங்கன் கார், கேக் வேஷம் போட்ட ஊர்தியைக் கிழிச்சுட்டு வெளியே வரும். நம்ம ஏரியாவுக்கு மீன்பாடி வண்டிதான், அதான் முன்னாடி சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டி. மோட்டார் வச்சது வேண்டாம், ஹால்ல புகை நிக்கும். பெடல் வண்டி எடுங்க. மூங்கில் சட்டம், மேல அட்டை, கறுப்பு பெயிண்ட். கேக்குக்கு வெள்ளைச் சார்ட் பேப்பர், நடுவுல பிளேடால பாதி கீறி வச்சா முட்டினதும் கிழியும். முன் சக்கரம் திரும்ப இடம் விட்டு அட்டை கட்டுங்க, பிரேக் பிடிக்குதான்னு முதல் நாளே பாருங்க.

எம்சி_ரோடு_சரக்கு:
அதை விட முதல்ல மேடைக் கதவு அகலத்தை அளந்துட்டு வண்டிக்குச் சொல்லுங்க.