அக்காவோட உக்காந்து பாக்க, 40 தாண்டுனவங்க லவ் காமெடி எதாச்சும் இருக்கா?

செந்தூல்பொண்ணு:
வணக்கம் மக்களே, பெரியக்காவுக்கு 48 ஆவுது, டைவர்ஸ் ஆயி பசங்களும் யூனிவர்சிட்டிக்கு போய்ட்டாங்க, இப்ப கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல தனியா இருந்துகிட்டு கேக் ஆர்டர் எடுத்து செய்யுறா. பழைய ஆபீஸ்ல கூட வேல பாத்த ஒருத்தரு காப்பி குடிக்க கூப்டாராம், இவ "இந்த வயசுல என்னாடி"ன்னு போனே எடுக்க மாட்றா. சனிக்கிழம நைட்டு எங்க வீட்ல படம் போடலாம்னு இருக்கேன். தியாகி அம்மா, வியாதி, அழுவாச்சி எதுவும் வேணாம் ப்ளீஸ். தமிழ் இல்லன்னாலும் ஓகே, சப்டைட்டில் இருந்தா போதும்.

பிறைக்காரன்:
பவர் பாண்டி (2017) போடுங்க லா. ராஜ்கிரண் ரிட்டயர் ஆன ஸ்டன்ட் மாஸ்டர், மகன் வீட்ட வுட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டு பழைய காதலி ரேவதிய தேடி கெளம்பிருவாரு. தனுஷ் டைரக்‌ஷன்.

மாமாக்கட_ரெகுலர்:
அண்ணே அது தாத்தா கத. ஆம்பள பைக்ல கெளம்புனா மாஸு, நம்ம படத்துல 45 வயசு பொம்பள பவுடர் போட்டாலே வீட்ல விசாரண நடக்கும் 😂 தங்கச்சி, இட்ஸ் காம்ப்ளிகேட்டட் (2009) பாருங்க. மெரில் ஸ்ட்ரீப் பேக்கரி வச்சிருப்பாங்க, உங்கக்கா மாதிரியே டைவர்ஸி, விட்டுட்டு போன புருசனே திரும்பி வந்து வழிவாரு, இந்தப் பக்கம் வீடு கட்ட வந்த ஆர்க்கிடெக்ட் ஸ்டீவ் மார்ட்டின். நைட்டு கடைய தொறந்து அவருக்கு சாக்லேட் குரோசான் செஞ்சு குடுக்குற சீனு ஒண்ணு இருக்கு, மாவு தேய்க்கிறதுலயே பாதி லவ் முடிஞ்சிரும். ஆனா அம்மாவும் கூட இருந்தா ரிமோட்ட கைலயே வச்சிக்கோங்க, அந்த லேப்டாப் சீனுக்கு நான் பொறுப்பில்ல.

பட்டர்வொர்த்_அக்கா:
மலையாளம் சால்ட் அண்ட் பெப்பர் (2011) தான் கரெக்ட். ஸ்வேதா மேனன் டப்பிங் ஆர்ட்டிஸ்ட், தோச ஆர்டர் பண்ண போன் போட்டா ராங் நம்பர் ஆயி லால்கிட்ட மாட்டும், மொதல்ல சண்ட, அப்பறம் சாப்பாட்டு பேச்சு, போன்லயே லேயர் லேயரா கேக் செய்ய சொல்லி குடுப்பாரு. நேர்ல பாக்கலாம்னு வந்ததும் ரெண்டு பேருக்கும் மூஞ்சிய காட்ட வெக்கம், தனக்கு பதிலா கூட இருக்குற சின்னதுங்கள அனுப்பிருவாங்க. காமெடியே அந்த கூச்சந்தான், வயச கிண்டல் பண்ண மாட்டாங்க. தமிழ்ல பிரகாஷ்ராஜ் உன் சமையலறையில்னு (2014) எடுத்தாரு, இளையராஜா மியூசிக், ஆனா சினேகாவ பாத்தா யாருப்பா வயசாச்சுன்னு நம்புவா?

செந்தூல்பொண்ணு:
அய்யோ கேக் இருக்கா, அப்ப மலையாளம் தான் முடிவு 🙏 அக்கா, ஒரு டவுட்டு, அந்த காப்பி ஆளுக்கு பெரியக்கா போன்லேருந்து நானே ஒரு மெசேஜ் தட்டி விட்டா என்ன?

பட்டர்வொர்த்_அக்கா:
அடியே வேணாம், படத்துலயே சின்னதுங்க நடுவுல பூந்துதான் எல்லாம் கொழம்புது! நீ சாப்பாட்ட மட்டும் தப்பாவ் (பார்சல்) பண்ணி வையி, மொத பாட்டுலயே பசிக்க ஆரம்பிச்சிரும்.