"உங்கள் கணக்கை உறுதிப்படுத்துங்கள்": எனக்கு வந்த மின்னஞ்சல், உங்களுக்கும் வந்ததா?

ஈசூன் அக்கா:

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தில் கணக்கு வழக்கு பார்ப்பவள் நான். "தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள்" என்று அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பாடம் எடுப்பவளும் நானே. கடைசியில் தொட்டதும் நான்தான்.

ஒரு சனிக்கிழமை புதுக் கைப்பேசி வாங்கினேன். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது, "உங்கள் கணக்கு புதிய கருவியில் திறக்கப்பட்டது" என்று அன்று முழுக்க மின்னஞ்சல்கள் வந்தன. அவை எல்லாம் உண்மையானவை. திங்கள் காலை, நான் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் காத்திப் நிலையத்தைத் தாண்டும்போது அதே மாதிரி இன்னொன்று வந்தது. "இது நீங்கள்தானா? 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும்." எழுத்துப் பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்களே, அதெல்லாம் பழைய கதை. என் மேலாளர் எழுதுவதைவிட நல்ல ஆங்கிலம் அது. அதுவும் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்ததால் சந்தேகமே வரவில்லை.

இணைப்பைத் தட்டி, மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் இரண்டையும் போட்டேன். அடுத்த பக்கம் வங்கி அட்டை எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்டது. மின்னஞ்சல் கணக்கு என்னுடையதா என்று பார்க்க அட்டை எதற்கு? அப்போதுதான் மோசடி என்று உறைத்தது. பக்கத்தை மூடிவிட்டு, அங் மோ கியோவில் இறங்கி நடைமேடையில் நின்றபடியே கடவுச்சொல்லை மாற்றினேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்தது. வழக்கமாக உடனே வரும் வங்கி அறிவிப்பைக் காணோம். மின்னஞ்சலின் குப்பைத் தொட்டியில் தேடியபோது நான் பார்க்காத ஏழெட்டு அஞ்சல்கள் கிடந்தன. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் வரும் அஞ்சல்களைத் தானாகக் கையாளும் விதி ஒன்று, நான் எழுதாதது, இருந்தது: வங்கி என்ற சொல் உள்ள எந்த அஞ்சலையும் வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, இங்கே அழித்துவிடு. கடவுச்சொல்லை மாற்ற எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் செய்துவிட்டார்கள்! கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி தானாகப் போகாது. கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணிலும் யாருடையதோ ஓர் எண் சேர்ந்திருந்தது.

அன்றிரவு விதியையும் அந்த எண்ணையும் நீக்கினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேறினேன். கடவுச்சொல்லை மறுபடி மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டேன். அதே கடவுச்சொல்லை இன்னும் மூன்று இடங்களில் வைத்திருந்தது தனி அவமானம். வங்கியின் 24 மணி நேர எண்ணில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பணம் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தோ பாயோ தாத்தா:

அம்மா, வெட்கப்படாதே. எனக்கு, அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் சிங்பாஸ் கணக்கின் பெயரில் வந்தது. கணக்கு காலாவதியாகிறதாம், உள்ளே இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டுமாம். இணைப்பைத் தொடக்கூடாது என்று பேத்தி சொல்லியிருந்தாள். குறியீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே! ஸ்கேன் செய்துவிட்டேன். நல்லவேளை, சிங்பாஸ் செயலி எந்த இணையத்தளத்துக்கு அனுமதி கொடுக்கிறோம் என்று திரையில் காட்டும். அதில் வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. ரத்து செய்துவிட்டு 1799க்குக் கூப்பிட்டேன். மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள். மோசடிதான் என்றார்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் கிட்டத்தட்ட எல்லா அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்தியும் 'கவ்.எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வருகிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. அனுப்புநர் பெயர் இருக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். என் பெயரைப் 'பிரதமர்' என்று நானே போட்டுக்கொள்ளலாம்!

துவாஸ் தம்பி:

அக்கா, ஐயா, எங்கள் தங்கும் விடுதியில் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மாதத்தில் இது நிறைய வரும். "வங்கிக் கணக்கை மறுபடி உறுதிப்படுத்தவும், இல்லாவிட்டால் சம்பளம் வராது." சம்பளம் என்று பார்த்தால் கை தானாகவே இணைப்புக்குப் போய்விடும். 2021 டிசம்பர் தொடங்கி ஒரு வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகளால் 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழந்தார்கள். அதற்குப் பிறகு, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சொடுக்கும் இணைப்பு இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் என் அறைக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வங்கி பெயரில் வந்து இணைப்பும் இருந்தால் அழித்துவிடு, செயலியைத் திறந்து பார். உண்மையான அவசரம் என்றால் அங்கேயும் இருக்கும்.

ஒரு சந்தேகம். கணினியில் எலியை மேலே வைத்தால் இணைப்பின் முகவரி தெரிகிறது. கைப்பேசியில் எப்படிப் பார்ப்பது?

ஈசூன் அக்கா:

தம்பி, இணைப்பைத் தட்டாமல் விரலை அழுத்திப் பிடியுங்கள், முழு முகவரியும் வரும். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் (/) தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் கடைசிச் சொற்கள்தான் உண்மையான வீட்டுக்காரர். அதற்கு முன்னால் சிங்பாஸ், வங்கி என்று என்ன இருந்தாலும் அது வாசலில் தொங்கவிட்ட பலகைதான். விரலை எடுக்கும்போது மட்டும் கவனம். நான் அம்மாவுக்குச் செய்து காட்டப்போய், இன்னொரு முறை தட்டியிருப்பேன்.